தமிழாசிரியர் வீட்டுத் தூளி

காட்டில் தரையில் படுத்தால் பூரான் ஏறும், மழை வந்தால் முதுகுக்கு அடியில் தண்ணீர் ஓடும். அதனால் மரத்துக்கு மரம் துணி கட்டி அதில்தான் படுப்பது என்று முடிவாயிற்று. எண்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம். என் கணவர் தருமபுரியில் தமிழாசிரியர். அவரோடு வேலை பார்த்த பூகோள ஆசிரியர், அந்த ஆசிரியரின் மனைவி, நாங்கள் இருவர் என்று நாலு பேர் கிளம்புவதாகத் திட்டம். காலாண்டு லீவில் பென்னாகரம் வரை பஸ். அங்கிருந்து காட்டு வழியாக ஒகேனக்கல், பிறகு ஆற்றை ஒட்டியே நடந்து ஏரியூர். இருட்டுகிற இடத்தில் தங்கிக்கொள்வது.

பூகோள ஆசிரியர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு அந்தத் துணிப் படுக்கையை 'ஹேமக்' என்றார். இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தாலே என் கணவருக்கு ஜுரம் வந்துவிடும்.

"நம்மகிட்ட அதுக்குப் பேரு இருக்குதுங்க சார். தூளி," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது தூளிதான். அவருடைய தமிழ்ப்பற்றுக்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு அந்தப் பயணம் உயிராக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர நான் எங்கும் போனதில்லை. குழந்தை இல்லை என்பதால்தான் இரண்டுக்கும் போனேன். யாரும் என் வயிற்றைப் பார்க்காத ஒரு இடத்தில் நாலு நாள் நடந்தால் போதும் என்றிருந்தது. அவல், வெல்லம், வறுத்த கடலை, தீப்பெட்டி நனையாமலிருக்க பிளாஸ்டிக் கவர் என்று மனசுக்குள்ளேயே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் கடைசி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் கணவர். அம்மா விஷயத்தில் அவருடைய வீரமெல்லாம் எப்போதும் கடைசி நேரத்துக்குத்தான்.

தைக்கிற வேலை என் தலையில். வீட்டில் தையல் மிஷின் இருந்தது. கடைவீதியில் எங்களுக்கு வழக்கமாகத் துணி கொடுக்கும் பாய் கடைக்குப் போய், கெட்டியான காடாத் துணி கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"தூளிக்குங்க பாய்."

பாய் கையிலிருந்த கஜக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகமே மாறிப்போயிற்று. "அல்லா கண்ணத் தொறந்துட்டான்மா. இத எடுத்துக்க. ரெட்டப் புள்ளையாப் பொறந்தாலும் தாங்கும்," என்றார். நான் விளக்கியிருக்கலாம். பின்னால் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். இல்லை பாய், புள்ளைக்கு இல்லை, பெரியவர்கள் படுக்க என்று அவர்கள் முன்னால் எந்த வாயால் சொல்வது? துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மாமியார் ரவிக்கைத் துணி எடுக்க அதே கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மாதுளம்பழம். என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். பயணம் போவது தெரிந்துவிட்டது, உடம்பைத் தேற்றுகிறார் என்று நினைத்த முட்டாள் நான். அந்த வீட்டில் என்னிடம் யாராவது பிரியமாக இருந்தார்கள் என்றால் அது அந்த இரண்டு நாள்தான். ஆளுக்கு ஒன்றாக நாலு தூளியும் அந்த இரண்டு நாளில் தைத்து முடித்தேன். மாமியார் தைத்த துணியைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாளு தள்ளிருக்குது கண்ணு?"

ஈஸிசேரில் இருந்த என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்ய, அது எங்களுக்கும்மா. காட்ல கட்டிப் படுக்கறதுக்கு," என்றார்.

மாமியார் சிரிக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். சொன்ன வீடு ஒவ்வொன்றுக்கும் போய், இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கடைசி வீட்டிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றார்.

"வெறுந்தூளி ஆடுன வூடு வெளங்காதும்பாங்க. இவ நாலு கட்டி வெச்சிருக்கறா. காட்டுக்குப் போறாளாம். இவ வாசப்படி தாண்டுனா நான் எம் மவ வூட்டுக்குப் போயர்றேன்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்தார். "இந்த ஒரு தடவ விட்டுக்குடு. அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம்கூடச் சண்டை போடவில்லை.

பூகோள ஆசிரியரின் மனைவி வீட்டுக்கு வந்து, ஐயோ பாவம் என்றாள். கையோடு, "தூளி நாலும் குடுத்துடுவீங்கல்ல?" என்றும் கேட்டாள். என் இடத்துக்கு ஆள் ரெடியாக இருந்தது. சேலத்தில் காலேஜில் படித்த என் கொழுந்தனார் லீவுக்கு வந்திருந்தார். ஆள் பனைமரம். என் அளவுக்குத் தைத்திருந்த தூளி அவருக்குக் கட்டையாக இருந்தது. ஒட்டுப் போட்டு நீட்டிக் கொடு என்றார் கணவர். பிரித்து, ஒட்டுப் போட்டு, இரட்டைத் தையல் அடித்துக் கொடுத்தேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கையாவது வெளங்குதே," என்றார். கத்தரி என் கையில்தான் இருந்தது. நூலை மட்டும் வெட்டினேன்.

போனார்கள். நான் மனசுக்குள் கட்டியிருந்த அவலையும் வெல்லத்தையும் அவர்களுடைய பையில் போட்டு அனுப்பினேன்.

வெயிலில் கறுத்து, காலெல்லாம் முள் கீறி, நாலு பேரும் திரும்பி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஆறு நிறைய ஓடியது, யானைச் சாணம் பார்த்தோம், மழையில் நனைந்தோம் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். நான் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தேன். கணவருக்கு என்னைப் பாராட்டத் தோன்றிவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னார்.

"உன் தூளி பிரமாதம். நாலு பேரும் பச்சப் புள்ளையாட்டம் தூங்குனோம்."

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். நான் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அப்ப எனக்கு நாலு புள்ளைங்கன்னு உங்கம்மாகிட்டச் சொல்லுங்க. தெருவுல போயிச் சொல்லிட்டு வரட்டும்," என்றேன்.

ஒவ்வொருவராக இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் நான் ஒருத்திதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.