ஏழுமலையின் கடைசி 'பிரேக்'

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் அபசகுனமாகப் பேசிவிட்டு வந்தேன். என் மனைவி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.

கல்யாணம் ஏழுமலையின் பெண்ணுக்கு. எங்கள் தி. நகர் பக்கத்து ரயில்வே பார்சல் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர் ஏழுமலை. பல வருஷமாகத் தூக்குகிறார் — ஆனாலும் தினக்கூலிதான். அது எப்படி என்கிறீர்களா? தொடர்ந்து சில மாதம் வேலை செய்தால் நிரந்தர வேலை கேட்கும் உரிமை வந்துவிடும். அதனால் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, "போய் வா" என்று நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். இதற்கு அந்த ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'. கூரை மாற்றுவது, திருப்பதி போவது எல்லாம் பிரேக்கில்தான். ஏழுமலை இந்தப் பிரேக்கில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்.

பெண்ணுக்குக் கொடுக்கக் கும்பகோணத்திலிருந்து ஒரு வெண்கலப் பானை ரயில் பார்சலில் வரவழைத்திருந்தேன். வந்துவிட்டதா என்று கேட்கக் கல்யாணத்துக்கு முன்தினம் போனால், ஷெட் காலி. கிளார்க் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஆளெல்லாம் எங்கே சார்?"

"ஜவுளிக்கடை துணி மூட்டையெல்லாம் இப்போ லாரியிலே கடை வாசலுக்கே போயிடுது. நம்மகிட்டே யார் வர்றாங்க? பிரேக்கிலே போனவங்களைத் திரும்ப எடுக்க வேண்டாம்னு மேலே சொல்லிட்டாங்க."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"தினக்கூலி ஆளுங்கதானே சார்... கூப்பிடலைன்னா தானே புரிஞ்சுக்குவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பானையைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டேன்.

மறுநாள் திருவான்மியூர் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், ஏழுமலை மாப்பிள்ளையை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"லாரி கம்பெனில கிளீனரா இருந்தான் சார். ஊர் ஊரா அலையறதெல்லாம் ஒரு பொயப்பாடான்னு நான்தான் வுடச் சொல்ட்டேன். நாளைக்கு பிரேக்கு முடியுது, என்னோட ஷெட்டுக்கு இட்டுக்கினு போறேன். ரயில்வே சார்!"

எனக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்? ஏழுமலையை ஓரமாகக் கூப்பிட்டு, கிளார்க் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

சிரித்தார்!

"இன்னா சார் நீ, நல்ல நாளும் அதுவுமா... இது பிரேக்கு சார். எத்தினி பிரேக்கு பாத்துக்கீறேன்! உனக்கு இன்னா தெரியும்? பாயசம் ஊத்தறாங்கோ, போய் சாப்டு."

"மாப்பிள்ளையை அந்த லாரி வேலைக்காவது திரும்பப் போகச் சொல்லுய்யா."

"அங்க வேற ஆளு ஏறிக்கினான். போனாப் போவுது சார்!"

திங்கட்கிழமை பானைக்காக மறுபடி போனேன். ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. வாசலில் தலைத்துண்டோடு ஏழெட்டுப் பேர். நடுவில் ஏழுமலை. பக்கத்தில் மாப்பிள்ளை — மணிக்கட்டில் காப்புக் கயிறு இன்னும் மஞ்சள் மாறாமல். அவர்களைப் பார்த்ததும் பக்கத்து ஆபீஸ் அறையில் இருந்த கிளார்க் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளைதான் கேட்டான்: "எப்ப மாமா தொறப்பாங்கோ?"

லாரியோடு போட்டி போட்டு ரயில் தோற்கிறது, நஷ்டம், ஆட்குறைப்பு... சரி ஐயா, இருக்கட்டும். ஆளை நிறுத்திவிட்டோம் என்று அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்வதிலுமா உங்களுக்கு நஷ்டம்?