ஏழடிக்குக் கீழே ஒரு வீட்டுக் கடன்

வீட்டுக் கடன் கொடுக்கும் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாம் வீட்டைப் பார்ப்பது ஒரு தடவை, வீட்டின் போட்டோவைப் பார்ப்பது நூறு தடவை. தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு சின்ன வீட்டுக் கடன் நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. வேலை நிரந்தரமாகவில்லை. போட்ட கையெழுத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடுவேன். உங்கள் முதல் வேலையும் அப்படித்தான் இருந்தது என்றால் நாம் ஒரே கட்சி. இதில் முதல் சம்பவத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. நான் சேருவதற்கு முந்தின வாரம் நடந்ததாக கேஷியர் அண்ணாச்சி சொன்னது.

ஒன்பதாம் டோக்கன்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் குறைந்த வட்டியில் வீட்டுக் கடன், ஜாமீன்தாரர் தேவையில்லை என்று அரசு உத்தரவு வந்திருந்தது. பேப்பரில் செய்தி வந்த மறுநாள் கதவு திறக்கும் முன்பே பத்துப் பேர் வாசலில் நின்றார்களாம். டோக்கன் கொடுத்து ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒன்றாம் நம்பர் நாயக், கீழ்ப் பதவி. ஒன்பதாம் நம்பர் சுபேதார். பெரிய பதவிக்காரர் காத்திருக்கையில் தான் எப்படி முந்துவது என்று நாயக் உட்கார்ந்திருக்கிறார். வரிசையை மீறக்கூடாது என்று சுபேதார் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் உள்ளவர்கள் இரண்டு பேரையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு வரை ஒரு விண்ணப்பம்கூட வாங்க முடியவில்லை. மேனேஜரே எழுந்து வந்து சுபேதாரிடம் கெஞ்சியதற்கு அவர் சொன்னாராம்: "நீங்க ஆர்டர் போடுங்க சார். ஆர்டர் இல்லாம நாங்க எந்திரிக்கவும் மாட்டோம், வீட்டுக்குப் போகவும் மாட்டோம்."

பன்னிரண்டாவது வீடு

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் எப்போதும்வென்றான் ஊர்க்காரர் சண்முகையா. ஓய்வு பெற்ற ஹவில்தார், ஆறடி உயரம். கடன் அனுமதியாகிவிட்டது. முதல் தவணை வேண்டுமென்றால், வேலை தொடங்கியதற்குச் சாட்சியாகக் கட்டுமானமும் மனுதாரரும் சேர்ந்து தெரிகிற போட்டோ வேண்டும். ஆபீஸ் கேமராவோடு நான் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் தரைக்கு மேல் ஒரு செங்கல்கூட இல்லை. கீழே ஏழடி ஆழத்துக்கு, வரப்போகிற வீட்டின் நான்கு பக்கமும் சுற்றிவர நேர்த்தியாக வெட்டிய அஸ்திவாரக் குழி. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேலாக்கில் சுவர் வைத்தால் இரண்டாம் வருஷம் பிளந்துவிடும். அதனால் கெட்டியான சரள் மண் தட்டுகிற வரை தோண்டி, மணலும் கல்லும் போட்டு நிரப்பித்தான் மேலே வரவேண்டும். தோண்டுவதை அவர் ஒற்றை ஆளாக முடித்திருந்தார். கல்லுக்குத்தான் முதல் தவணை. ஐப்பசி மழைக்கு முன்னால் கல் விழாவிட்டால் மண் சரிந்து, பட்ட பாடெல்லாம் குழிக்குள் போய்விடும்.

அவர் மனைவி பேச்சியம்மாள் எனக்கு மோர் கொடுத்தபடி சொன்னார்: "இவிய பார்டர்ல இருக்கையில நான் பதினோரு வாடகை வீடு மாறிட்டேன் மேடம். பன்னெண்டாவது இந்தக் குழிதான்னு ஆகிரப்படாது."

மீதி ஆள் எங்கே?

கட்டுமானத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும் என்றதும் ஹவில்தார் குழிக்குள் இறங்கி விறைப்பாக நின்றார். மேலே எதுவும் தெரியவில்லை. "கையத் தூக்குதேன், எடுங்க மேடம்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. எடுத்தேன். கழுவி வந்த படத்தில் பரந்த கரிசல் காடு, தூரத்தில் ஒரு உடைமரம், நடுவில் மண்ணிலிருந்து முளைத்த மாதிரி ஒரு உள்ளங்கை. தலைமை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. 'மனுதாரரின் எஞ்சிய பகுதி காணப்படவில்லை' என்று குறிப்பு. மேனேஜர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை மட்டும் வந்து கடன் கேட்டா எப்படிம்மா குடுப்பாங்க?"

உயிரோடு இருக்கிறாரா?

அடுத்த தடவை குழி விளிம்பில் நின்று நேர் கீழாக எடுத்தேன். வெயில் கூசி ஹவில்தார் கண்ணை மூடிவிட்டார். படத்தைப் பார்த்ததும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். குறுகலான குழி, உள்ளே கண் மூடிய மனிதர். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: மனுதாரர் உயிருடன் இருப்பதற்குச் சான்றிதழ் தேவை, இல்லாத பட்சத்தில் மனைவி புதிதாக விண்ணப்பிக்கலாம்.

தகவல் சொன்னதும் ஹவில்தார் அடுத்த பஸ்ஸில் வந்து என் மேஜை முன்னால் சல்யூட் அடித்து நின்றார். கடிதத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். படித்துவிட்டுக் கோபப்படாமல் சொன்னார்: "ரெண்டு தடவ பனிச் சரிவுல பொதைஞ்சு கெடந்தேன் மேடம். அங்கனகூட ஆளத்தான் தேடுனாங்க, சான்றிதழத் தேடல."

தகர டேங்க்

சான்றிதழ் போயும் தவணை வரவில்லை. 'தரைக்கு மேல் கட்டுமானம் தெரியவில்லை' என்று மறுபடி கடிதம். கிழக்கே மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செங்கலை இரவல் வாங்கி இரண்டடிக்கு அடுக்கி, படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மேனேஜர் யோசனை சொன்னார். ஹவில்தாருக்குச் சம்மதம். "தகரத்துல டேங்க் செஞ்சு நிறுத்தி எதிரியவே ஏமாத்தியிருக்கோம். இது என்ன பெரிய காரியம்?" என்றார். படத்தின் பின்னால் கையெழுத்துப் போட வேண்டியது நான். அவருடைய குழியையும் நினைத்தேன், என் வேலையையும் நினைத்தேன். எனக்குக் கை வரவில்லை. பதிலுக்கு ஓர் அறிக்கை எழுதினேன்: 'கட்டுமானம் உள்ளது. அது கீழே உள்ளது. நேரில் வந்து பார்க்கவும்.'

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, பெரிய ஆபீசுக்கு எழுதுதியா, இல்ல விருந்தாளிக்கு வழி சொல்லுதியா?"

இன்ஜினியர் இறங்கினார்

தலைமை அலுவலகத்து இன்ஜினியர் நேரில் வந்தார். விளிம்பில் நின்று, "மேலே ஒன்றுமே இல்லையே" என்றார். "கீழே அளந்து பாருங்க சார்" என்று டேப்பை நீட்டினேன். மூங்கில் ஏணியில் இறங்கியவர் அடியில் சரளைத் தட்டினார், பக்கத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், முகம் மாறியது. "இவ்வளவு தோண்டணுமா!" என்றார். அந்த நேரம் பெரிய துளிகளாக நாலு விழுந்தன. விளிம்பிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து அவர் ஷூ மேல் விழுந்தது. "வேலை நடந்திருக்கு. ஆபீசுக்குப் போய் நிதானமா எழுதுறேன், ஏணியைப் பிடிங்க" என்றார் அவசரமாக.

ஏணியின் மேல்முனை பேச்சியம்மாள் கையில் இருந்தது. அவர் அதை ஒரு முழம் உயர்த்திக்கொண்டு, மண் அள்ளுகிற சட்டியில் ஃபைலையும் என் பேனாவையும் வைத்துக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். ஹவில்தார் தூரத்து மரத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார். பேச்சியம்மாள் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை: "மேல காத்து அடிக்கி சார், தாளு பறந்துரும். அங்கனயே கையெழுத்தப் போட்டுட்டு மெதுவா ஏறி வாங்க."

தவணை வந்து, குழியில் கல் விழுந்த பிறகே பெருமழை பிடித்தது என்றாலும், பயம் விடாமல் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்தேன்: ஆய்வுக்கு வருகிற அதிகாரி எந்த மட்டத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் எங்குமே சொல்லவில்லை.