முகம் பார்த்து வணக்கம் சொன்னவர்

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் நான் தினமும் ஏறிய பேருந்தை ஓட்டியவர், ஐம்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துப் பெண். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருப்பார். ஏறுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து வணக்கம் சொல்வார். பதில் வரும்வரை பார்வையை எடுக்கமாட்டார்.

ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். என் கையில், சமூகவியலுக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சு அறிஞர் தற்கொலையைப் பற்றி எழுதிய நூல் இருந்தது. அட்டையைக் கண்டதும் அவர் அருகில் வந்தார்.

"யூனிவசிற்றிக்கோ படிக்கிறீங்கள்?"

"ஆமாக்கா, ரிசர்ச்சுக்கு."

"நானும் வாசிச்சனான். டொச் பாசையில. அகராதி வச்சுக்கொண்டு ஒரு வருசம் எடுத்தது."

ஏன் என்று கேட்டேன்.

"என்ர தம்பி இஞ்ச வந்துதான் உயிரை மாய்ச்சவன். அவன் கோழையெண்டு சொந்தக்காரர் சொல்லிச்சினம். இந்தப் புத்தகத்தை எழுதின மனிசன்தான், அவனைப் போல ஆக்களைச் சுத்தி ஆர் இருந்தவை எண்டு கேட்டவர். நானும் வேலை வேலையெண்டு திரிஞ்சனான். பிறகு பாத்தா, இந்தாளும் மகனை முதலாம் உலகச் சண்டையில பறிகுடுத்து, அந்தத் துக்கத்தோடயே போய்ச் சேந்தவராம். அதை அறிஞ்ச அண்டைக்கு அவருக்காகவும் அழுதனான்."

புறப்படும் நேரமானதால் அவர் தன் இருக்கைக்குத் திரும்பினார்.

அந்த நூலை நான் மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது தற்கொலையைப் பிரிக்கும் வகைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். அதை எழுதியவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.