கடைசியாகத் திருத்தியவர்

பெருங்கடவிளை லிஜி தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவள். ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் பராமரிப்பதுதான் அந்த வேலை. தேர்வு முடிவு கொஞ்சம் தாமதித்தால் ஊரே அவளைத் திட்டும். சரியாக வந்தால் ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். குழம்பில் உப்பு குறைந்தால்தானே சமைத்தவளைத் தேடுவார்கள்!

அந்தத் தளத்தை முதலில் கட்டியவர் விஜயதாஸ். அவளுடைய சபைக்காரர், அவளுக்கு வேலை கற்றுத்தந்தவர். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட ஒரு மென்பொருளில், துறை துறையாகப் பக்கங்களை எழுப்பினார். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். தளத்தின் முழு அதிகாரமும் அவர் கணக்கில்தான் இருந்தது. அதைத் தனக்கு மாற்றித் தரச்சொல்லி லிஜி கொடுத்த மனு மேசை மேசையாகத் தூங்கியது. அதற்காக வேலை நிற்குமா? அவர் கணக்கிலேயே நுழைந்து வேலையைப் பார்த்தாள். பக்கங்களின் அடியில் 'கடைசியாகத் திருத்தியவர்: விஜயதாஸ்' என்று அன்றன்றைய தேதியோடு விழுந்தது. இதையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அவர் மனைவி சத்தியபாய் வாசித்தாள். அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லிஜியைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் ஒரு கப் சாயா மூடி வைத்திருந்தது.

"இது யாருக்கு மாமி?"

"அவருக்காக்கும். நேத்தும் வேலை செய்திருக்காரே, போன்ல உண்டு. களைச்சு வருவாரு மக்கா."

"மாமி, அது நானாக்கும். சாருக்க பேருல நான்தான்..."

"நீயா?" சத்தியபாய் சிரித்தாள். "நீ உயிரோட இருக்கிய பிள்ள. அது செத்துப்போனவியளுக்க வேலையாக்கும். கர்த்தர் அங்கயும் சும்மா இருக்க விடமாட்டாரு."

அன்று லிஜிக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பித்துக்குத் தீனி போட்டது தன் கைதான் என்று உறுத்தியது. அடுத்த வாரம் ஒவ்வொரு மேசையாக நின்று, சண்டை போட்டு, அதிகாரத்தை வாங்கினாள். விஜயதாஸின் கணக்கை நீக்கப் போனபோது மென்பொருள் ஒன்று கேட்டது: இவருடைய பக்கங்களையும் அழிக்கவா, வேறொருவர் பெயரில் மாற்றவா? தன் பெயரைக் கொடுத்தாள். அவர் வாழ்நாள் உழைப்பெல்லாம் ஒரு நொடியில் லிஜி என்று ஆனது. இறந்தவர் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றியதுபோல் கூசியது. ஆனாலும் மாமி இனியாவது அழுது தீர்ப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் படியேறினாள். சத்தியபாய் அவளைக் கண்டதும் வெளிறிப்போனாள். விரலால் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்போ மக்கா? என்னட்ட ஒருத்தரும் சொல்லல்லியே."

"என்னது மாமி?"

"எல்லாத்திலயும் இப்போ ஒனக்க பேராக்கும்."

மேசையில் இரண்டு கப் சாயா மூடியிருந்தது. நான் சாகவில்லை என்று சொல்ல லிஜி வாயெடுப்பதற்குள், சத்தியபாய் அவளுக்காக நெஞ்சிலடித்து அழத் தொடங்கிவிட்டாள்.