கழுத்தளவுக் கிணறு

பட்டாபிராமில் எங்கள் தெருவில் போன வாரம் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டார்கள். கொடியில் காய்ந்த வேட்டி, பைக் சீட், தெருநாய், எல்லாவற்றின் மேலும் வெள்ளைக் கல்மாவு. சன்னலை இறுக்கி மூடினேன். ஈரக்கல்லின் வாசனை எப்படியோ உள்ளே வந்துவிட்டது. அந்த வாசனை வந்தால் எனக்கு முனியசாமி ஞாபகம் வரும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஆவடித் தொழிற்சாலையில் நானும் அவனும் ஒரே பட்டறை, குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் 'தீவு' என்றுதான் கூப்பிடுவோம். டீ நேரத்தில் யாராவது "இன்னா தீவு, ஊரு எப்டி கீது?" என்று கிளப்பிவிட்டால் போதும், சங்கு ஊதும்வரை விடமாட்டான். அவன் ஊர்க் கல், கல்லே இல்லையாம். கடலுக்குள் செத்த பூச்சிகளின் கூடு, ஆயிரமாயிரம் வருஷமாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் சுண்ணாம்பாக இறுகியதாம். கரையோரப் பாறைகளை அலை அடியில் அரித்து அரித்து, நீர் வற்றும் நேரத்தில் பார்த்தால் குடை விரித்து வைத்த மாதிரி நிற்குமாம். நான் அதுவரை பார்த்த பெரிய நீர்ப்பரப்பு மழைக்கால ரயில்வே சப்வேதான். வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

தண்ணீர்க் கதைக்கு மட்டும் குரலைத் தாழ்த்துவான். ஏழு கன்னிமார் குடத்தோடு கரையில் போனார்களாம். தாகமாயிருக்கிறது என்று கடல் கேட்டதாம். (கடலுக்கே தாகமா என்று கேட்கக் கூடாது. கேட்டேன், இரண்டு நாள் பேசவில்லை.) ஊற்றினார்களாம். அந்த நன்றிக்குக் கடல், தீவுக்கடியில் கழுத்தளவுக்கு நல்ல தண்ணீர் விட்டுவைத்ததாம். அதற்குக் கீழே தோண்டினால் கன்னிமார் கோபித்து உப்பாக்கிவிடுவார்கள். அதனால் அங்கே கிணறு வெட்டுகிறவன், தன் தலை வெளியே தெரியும்வரைதான் வெட்டுவான்.

பட்டாபிராமில் மனை வாங்கி வீடு கட்டியபோது, முனியசாமி இங்கேயும் கழுத்தளவுக்குத்தான் கிணறு வெட்டினான். சித்திரையில் அது காய்ந்தது. அவன் மனைவி குடத்தோடு தெருத்தெருவாக அலைந்தாள். நான் சிரித்தேன்.

"மாமே, இது உன் தீவு இல்ல. எறநூறு அடி போடு. கன்னிமாருங்கோ ட்ரெயின் ஏறி இங்க வரமாட்டாங்கோ."

பட்டறையே சிரித்தது. கூசிப்போய் போர் போட்டான். நல்ல தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. முதல் சொம்பை என்னிடம்தான் நீட்டினான். "நீங்க சொன்னது சரிதாண்ணே. இத்தனை வருசமா பயந்தே செத்தோம்." எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் வந்த சந்தோஷத்திலேயே முனியசாமி, ஊரில் தென்னை வைத்திருந்த தம்பிக்கு போன் செய்தான். கோடையில் தண்ணீர் பற்றவில்லை என்று தம்பி புலம்பிக்கொண்டிருந்த நேரம். "ஆழமாப் போடுடா, ஒண்ணும் ஆகாது. இந்தா, அண்ணன்கிட்டயே கேளு" என்று போனை என்னிடம் கொடுத்தான். "தைரியமா போடுப்பா" என்றேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும்தான்.

கன்னிமாரை விட்டுவிடுங்கள். ஓட்டை ஓட்டையான அந்தக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், கடல்நீரின் மேல், பாலின் மேல் ஏடு மாதிரிதான் நிற்கிறது. ஆழத்தில் குழாய் இறக்கி மோட்டாரில் உறிஞ்சினால் கடல் மேலே ஏறிவிடும். ஒரு பொறியாளர் இதை எனக்கு விளக்கியபோது காரியம் கைமீறியிருந்தது. தம்பி ஆழமாகப் போட்டு இரண்டே கோடையில் அவன் கிணறும், சுற்றியிருந்த வீடுகளின் கிணறுகளும் உப்புக் கரித்தன.

முனியசாமியோடு நானும் அவன் ஊருக்குப் போனேன். அவன் சொன்ன குடைப் பாறைகள் அப்படியே நின்றன. அழகுதான், பார்க்கப் பிடிக்கவில்லை. தென்னைகள் மொட்டையாக நின்றன. தம்பி கூலி வேலைக்கு வெளியூர் போயிருந்தான். அவன் மனைவி, லாரியில் வந்த தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு போன்ல பேசுன அண்ணன் இவுகதானா?"

"இல்ல, இவரு வேற" என்றான் முனியசாமி.

நான் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். இப்போது அந்த ஊரில் குடிக்க ஒரு கிணறுகூட இல்லை. முனியசாமி செத்து மூன்று வருஷம். அன்றைக்குப் போனில் பேசியது நான்தான் என்று தெரிந்தவர் இனி யாரும் இல்லை.