கட்டில் காலில் செய்த கிடார்

எங்கள் வீட்டில் இருக்கிற கிடாரின் மேல்பலகை ஜெர்மனியிலிருந்து வந்த மரம். சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். அங்கே ஓர் அச்சாபீசுக்குக் கப்பலில் மெஷின் வந்தது. அதைப் பெரிய மரப்பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மெஷினைப் பார்த்தார்கள். பெட்டியைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

நான் படித்தது நாலாங்கிளாஸ், அதுவும் பாதி வருஷம். தீப்பெட்டி ஆபீசுகளுக்குக் குச்சி அடுக்குகிற மரச்சட்டம் செய்துதான் கையில் ரம்பம் பிடித்தேன். இன்றைக்குச் சாத்தூர் ரோட்டில் பேக்கிங் பெட்டிப் பட்டறை இருக்கிறது. சீசனில் லாரிகள் எனக்காகக் காத்து நிற்கும். ஒரு கட்டையை விரலால் தட்டினால் அது எந்த ஊர் மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க முடியாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரிக்கு ஈட்டி என்கிற நூக்கு மரத்தில் கட்டில் செய்து தருவதாகச் சொன்னேன். நாலு காலுக்குக் கட்டை வாங்கிப் பரணில் போட்டேன். அப்புறம் ஆர்டர் வந்தது, அதற்கு மேல் ஆர்டர் வந்தது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போனார்கள். கட்டைகள் பரணிலேயே கிடந்தன. ஊரில் பாதி வீடுகளில் நான் செய்த கட்டில் கிடக்கிறது. அவள் பாயில் படுக்கிறாள். வெட்கப்பட்டு ஒரு தடவை இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டேன். துவைத்த சேலை போட வசதி என்று சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் கிடார் கேட்டாள்.

எங்கள் வீட்டு மாடியில் பேங்கில் வேலை பார்க்கும் பிள்ளை ஒன்று தனியாகக் குடியிருந்தது. சாயங்காலம் கிடார் வாசிக்கும். கருவேப்பிலை கொடுக்கிறேன், ரசம் கொடுக்கிறேன் என்று இவள் அடிக்கடி மாடி ஏற ஆரம்பித்தாள். ஒரு நாள் சாப்பாடு போடும்போது பார்த்தால் இடது கை விரல் நுனியெல்லாம் கோடு கோடாகப் பதிந்திருக்கிறது. அடுப்பில் சுட்டுக்கொண்டாளோ என்று பதறினேன். கம்பி அமுக்கினது என்றாள், புதுப்பெண் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பாவாடை கட்டின வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினவள் அவள். ஒவ்வொரு குச்சியும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். கண் பார்க்கும் முன்னே விரல் பார்த்திருக்கும். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அவள் விரல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சும்மா உட்கார்ந்தாலும் முந்தானை நூலை எடுத்து வரிசையாக மடிப்பாள். அந்த விரல் ரெண்டே மாதத்தில் இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போகிற வழியில் பாடும் கும்மிப் பாட்டைக் கம்பியில் கண்டுபிடித்துவிட்டது.

சித்திரை பிறந்ததும் பேங்குப் பிள்ளைக்கு மாறுதல் ஆர்டர் வந்தது. வைகாசிக் கடைசியில் கிளம்ப வேண்டும். கிடாரும் கூடப் போகும்.

அன்றைக்கு மத்தியானம் இவள் என்னிடம் சொன்னாள். “நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? இது போயிருச்சுன்னா கை வெறுமனே கெடக்கும்ங்க. எனக்கு ஒண்ணு வேணும்.”

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனேன். கடையில் இருந்த கிடாரின் கழுத்தெல்லாம் உலக்கை. இவளுக்குக் குட்டையான விரல்கள். மோதிர விரல் எட்டவே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான கிடாரைக் கொடுத்தார்கள். அது தகர டப்பாவைத் தட்டினது மாதிரி இருந்தது. இவள் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உங்க கடையில் இருக்கிறதை விட நல்லதாக நானே செய்வேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் திருமங்கலம் தாண்டுகிற வரை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள்.

“கட்டில் செஞ்ச மாதிரியா?”

சாத்தூர் வரை நான் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு வந்தேன்.

நான் கிடார் செய்யப்போவதைக் கேட்ட பேங்குப் பிள்ளை, தான் கிளம்ப ஒரு வாரம் முந்தியே அதைத் தந்துவிடச் சொன்னது. புதுக் கழுத்தில் அம்மாவின் விரல் இடம் பழக வேண்டும், தான் போன பிறகு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்றது. ஆக எனக்கு இருந்தது ஒன்றரை மாதம், கொஞ்சம் கூட.

கிடார் செய்கிற சாமான் என்று செல்போனில் தேடினால் அரண்மனை கட்டுகிற விலை சொல்கிறான். நான் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற மெஷினின் பிளேடு தேய்ந்துவிட்டால் பழைய இரும்புக்கடைக்கு வந்துவிடும். அந்த இரும்புக்கு ஈடு இல்லை. எடைக்கு வாங்கி, துண்டு போடச் சொல்லி, சாணை பிடித்தேன். ஒரு துண்டு இழைப்புளிக்கு, ஒரு துண்டு உளிக்கு, ஒன்று சுரண்டுவதற்கு. கடைக்காரர் கத்தி செய்து விற்கப்போறீகளா அண்ணாச்சி என்று கேட்டார். கிடார் என்றதும் எடை போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

வடிவம் வெட்ட அட்டை வேண்டும். அதற்குப் பதில் பழைய அச்சுத் தகடு ஒன்று வாங்கினேன், மெல்லிய அலுமினியம், கத்தரியிலேயே வெட்டலாம். அதில் ஏதோ காலண்டர் முருகன் பாதி தெரிந்தார். ஒட்டினதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு ஒன்று என்ன விலை தெரியுமா? அப்படி இருபது வேண்டும். கிழிந்த சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டிச் சுற்றினேன். உள் ஓரத்துக்கு வீட்டுக் கொடியில் இருந்த துணிக் கிளிப்புகள் போதும். அன்றைக்குக் காற்றில் இவள் சேலைகள் பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்கின. அவற்றை எடுத்து மறுபடி அலசினாள்.

மூன்று சாமானில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஒன்று, தந்தியை முறுக்குகிற சாவி. மட்டமானது வாங்கினால் பாட்டு நடுவில் நழுவும். ரெண்டு, கழுத்தில் குறுக்கே பதிக்கிற கம்பி. மூன்று, அந்தக் கம்பி உட்காரக் காடி, அதாவது பள்ளம், போடுகிற மெல்லிய ரம்பம். பட்டறை ரம்பத்தில் போட்டால் காடி அகலமாகி, கம்பி பல் விழுந்த வாய் மாதிரி ஆடும். செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

கம்பிகளுக்கு இடைவெளிக் கணக்கு ஒன்று இருக்கிறதாம். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது. ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். இவளுக்கு விரல் எட்ட வேண்டும் என்று பேங்குப் பிள்ளை கழுத்தின் முதல் குறுக்குக் கம்பியின் மேல் தந்திகளை அமுக்குகிற ஒரு கிளிப்பை மாட்டிக் கொடுக்கும். அங்கிருந்து கம்பிக்குக் கம்பி இடைவெளி குறுகிவிடும், பாட்டும் சரியாகவே வரும். அப்படியென்றால் முதல் கம்பியையே தொடக்கமாக வைத்து அங்கிருந்து அளவெடுத்தால் போச்சு. ஒரு பேப்பர் நறுக்கை நீளமாக ஒட்டிக் குறித்துக்கொண்டேன். கழுத்தையும் இவள் கைக்கு மெலியவைத்தேன். பேங்குப் பிள்ளை அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு, அய்யா இதை யார் சொல்லிக் கொடுத்தா என்று கேட்டது. அதை இவளிடம் நாலு தடவை சொன்னேன்.

மேல்பலகைக்குத்தான் அந்த ஜெர்மன் பெட்டி. முடிச்சில்லாத பலகை, ரேகை சீப்புப் பல் மாதிரி நேராக ஓடியது. பட்டறையில் ரெண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி ஒட்டி, தோசை கனத்துக்கு இழைத்து, அடியில் தாங்குகட்டைகளையும் ஒட்டினேன். பக்கப்பலகைக்குப் பழைய தேக்குக் கதவு. இரும்புக் குழாயைச் சூடாக்கி அதன் மேல் வளைத்தேன். விரல் ஓடுகிற பட்டைக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். அதற்குப் பரண் ஏறினேன். அவள் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் ஏறினேன்.

இதற்குப் பிறகுதான் புத்தி கெட்டேன். எங்கள் சீமையில் எதைச் செய்தாலும் வெயிலில் போட்டு எடுத்தால்தான் செய்து முடித்ததாக அர்த்தம். வெடியைக் காயப்போடுவோம், வெடிக்குச் சுற்றின காகிதக் குழாயைக் காயப்போடுவோம், ஒட்டின அட்டையைக் காயப்போடுவோம். மழை பெய்யாத ஊர் என்று மற்றவர்கள் பரிதாபப்படுவார்கள்; எங்களுக்குச் சோறு போட்டதே அந்த வெயில். ஒட்டு நன்றாகப் பிடிக்கட்டும் என்று அக்கினி நட்சத்திர வெயிலில், மொட்டைமாடியில், பலகையை மல்லாக்கப் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினேன்.

மோர் ஊற்றும்போது மேலே ‘டப்’ என்றது. இந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் வெடி ஆபீசுகள் இருக்கிற ஏழாயிரம்பண்ணைத் திசையைத்தான் பார்ப்பார்கள். நான் மாடியைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பலகை வாய்க்கால் மாதிரி வளைந்து, நடுவில் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடக்கிறது. பேங்குப் பிள்ளை கிளம்ப இன்னும் பதினைந்து நாள்தான்.

இவள் பின்னாலேயே ஏறி வந்தாள். பிளவில் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“வெயில்லயா போட்டீக?”

“பின்ன எங்கன போட?”

“மருந்து முக்குன குச்சியை நாங்க வெயில்ல காட்டவே மாட்டோம். தலை வெடிச்சுப்போகும். நிழல்ல வச்சு, பக்கம் மாத்தி மாத்தி வைப்போம். நீங்க சட்டம் செஞ்சு குடுத்ததோட சரி. அது உள்ள வந்து எப்படிக் காயுதுன்னு என்னைக்காவது பாத்தீகளா?”

பார்த்ததில்லை. ஆயிரமாயிரம் சட்டம் செய்து கொடுத்தவன், அந்த அறைக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுபடி அச்சாபீசுக்கு ஓடினேன். பெட்டியில் மிச்சமிருந்த பலகைகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள். கோணலில்லாமல் நல்லதாக ஒன்றுதான் பாக்கி. அது வாசல் டீக்கடையில் பெஞ்சாகிவிட்டது, மேலே நாலு பேர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் அதைத் தர மாட்டேன் என்றார். பட்டறைக்கு வந்து மறுநாள் காலைக்குள் சாய்மானம் வைத்த பெஞ்சு ஒன்று செய்து கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பலகையைத் தூக்கி வந்தேன்.

“டீக்கடைக்கு ஒரே நாள்ல பெஞ்சு” என்றாள் இவள்.

இந்தத் தடவை காய வைத்தது அவள். அரிசி டிரம் இருக்கிற அறையில் நாலு மணைக்கட்டை வைத்து, அதன் மேல் பலகையை வைத்து, காலையிலும் சாயங்காலமும் பக்கம் மாற்றினாள். என்னைத் தொடவே விடவில்லை. எட்டாம் நாள், ம், இப்ப எடுங்க என்று உத்தரவு வந்தது. கேட்டபடி ஒரு வாரம் முந்திக் கொடுக்க முடியவில்லை. நாலு நாள் முந்தித் தந்தி ஏற்றினேன்.

பேங்குப் பிள்ளை சாவியைத் திருகத் திருக நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு ‘டப்’ வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. இவள் வாங்கி மடியில் வைத்தாள். மோதிர விரல் எட்டியது, தாண்டியும் போயிற்று. கும்மிப் பாட்டை முதலில் மெதுவாக வாசித்தாள், அப்புறம் கோயில் நெருங்குகிற வேகத்தில் வாசித்தாள். பேங்குப் பிள்ளை என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னது. என் காதில் விழவில்லை. எனக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

அந்த நாலு நாளும் அந்தப் பிள்ளை இங்கேயே சாப்பிட்டு, இவளுக்கு எல்லா இடத்தையும் பழக்கிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பியது. வேன் தெரு முனை திரும்பினதும் வீட்டுக்குள்ளிருந்து தந்திச் சத்தம் கேட்டது. கை வெறுமனே கிடக்கவில்லை.

உள்ளே போனால், பாயில் உட்கார்ந்திருந்தவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு விரல் ஓடுகிற பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நூக்குல?”

“ஆமா.”

“பரண்ல கெடந்ததா?”

நான் செருப்பைக் கழற்றுவதில் நேரம் கடத்தினேன். அவள் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“கீழ உக்காந்து வாசிச்சா முட்டி வலிக்கு” என்றாள். “கட்டில் வேணும். இப்ப மூணு காலுதான் இருக்கு, நாலாவதுக்கு என்ன செய்யப்போறீக?”

நாலு நாளாக ராஜபாளையம், தென்காசி என்று மரக்கடை மரக்கடையாக அலைகிறேன். மற்ற மூன்றோடு நிறம் சேர்கிற மாதிரி ஒரு துண்டு நூக்கு வேண்டும். கடைக்காரர்கள் நன்றாக வெயிலில் காய்ந்தது என்று எடுத்துக் காட்டுகிறார்கள். நிழலில் காய்ந்ததாகக் கொடுங்கள் என்கிறேன்.