விமலா எழுதிய ஒரு பெயர்

ஆறு வருடமாக விமலா மிஷனுக்கு அனுப்பிய மாத அறிக்கைகளில் கடைசிக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. 'இரட்சிக்கப்பட்டோர் பெயர்' என்று அதற்குத் தலைப்பு, அந்த மாதம் இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர். மற்றக் கட்டங்களை நெருக்கி நெருக்கி எழுதிவிடுவாள். யாருக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டது, யாருக்குப் படுக்கைப் புண், எந்த வீட்டில் கரண்ட் போனால் ஆக்ஸிஜன் மெஷின் நின்று போகிறது, எல்லாம் இருக்கும். கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு.

அவள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா ராஜமாணிக்கம் காட்பாடியிலிருந்து வெல்டர் வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன்களுக்குள் கால் வைப்பதில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். நர்ஸ் படித்து பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருடம் இருந்தாள். ஒருநாள் அவள் வார்டில் நுரையீரல் முழுக்கப் பாறைத்தூசி படிந்த ஒரு பெரியவர் செத்துப்போனார். பழைய சுரங்கத் தொழிலாளி. அவர் மனைவி அழுது முடித்துவிட்டு விமலாவிடம் ஊர் கேட்டாள். சொன்னதும், "எங்க லைனுக்கு நாலு கிலோமீட்டருதான கீது? ஒரு தபா கூட அந்தப் பக்கம் வந்ததில்லயா நீ?" என்றாள். அந்தக் கேள்வியைத்தான் விமலா தேவ அழைப்பு என்று எடுத்துக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டு, லைன்களில் நோயாளிகளைப் பார்க்க ஆள் தேடிய ஒரு மிஷனில் சேர்ந்தாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊழியம்னா ஒரிசாவுக்குப் போறாங்க, ஜார்க்கண்ட் போறாங்க. பக்கத்து லைனுக்குப் போறது இன்னாமா ஊழியம்?" என்றார்.

அவள் பொறுப்பில் பதினொரு பேர் இருந்தார்கள். மிஷன் கொடுத்த ஆக்ஸிஜன் மெஷின்கள் நான்கு. அதில் ஒன்று முனிசாமி வீட்டில் ஓடியது. பாறை துளைக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் பூமிக்குள் இருந்தவர். இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்குப் போக நான்கு முறை நின்று மூச்சு வாங்க வேண்டும். அதையும் கேலியாக்கிவிடுவார். "சுரங்கத்துல கேஜ்ல கீழ எறங்குனப்ப கூட இவ்ளோ நேரம் ஆவல, நர்சம்மா." சுவரில் மாரியம்மன் படம். அதற்குக் கீழே அவள் ஸ்டெதஸ்கோப்பை விரித்து வைப்பாள். புறப்படும்போது ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்பாள். "பண்ணு, பண்ணு. எந்த சாமி காதுல வுழுந்தாலும் நல்லதுதான்" என்பார். அவர் மனைவி கங்கம்மா சிரிக்காமல் டீ கொண்டுவந்து வைப்பாள்.

பெங்களூரிலிருந்து மிஷன் ஒருங்கிணைப்பாளர் லாய்ட் வந்தான். சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தவன். ஏமாற்றுக்காரன் இல்லை. முனிசாமியின் கட்டிலருகே முழங்காலிட்டு அவன் ஜெபித்தபோது அழுதது நிஜமான அழுகை. பிறகு விமலாவை வாசலுக்குக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், மெஷின் யார் வேணா குடுக்கலாம். கவர்மென்ட் குடுக்கலாம், கிளப்புல குடுக்கலாம். நாமளும் அத மட்டும் பண்ணா நாம எதுக்கு?"

"மூச்சு வுட முடியாம கீறாங்க, பிரதர். அவங்களுக்கு மூச்சு வர்றது ஊழியம் இல்லயா?"

"நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஆறு வருஷத்துல ஒரு ஆத்துமா கூட இல்லேன்னா கமிட்டிக்கு நான் என்ன சொல்றது? அடுத்த மாசம் ரிவ்யூ. கனி இல்லாத இடத்துலேந்து மெஷினை வேற ஜில்லாவுக்கு மாத்துங்கன்னு சொல்றாங்க."

லைன் வீட்டுச் சுவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மறுநாள் முனிசாமியே பேச்சை எடுத்தார்.

"இன்னா நர்சம்மா, உங்க ஆளுங்களுக்கு ஒரு பேரு வேணுமாமே? என் பேர எழுதிக்கோ."

"அதெல்லாம் மனசார வரணும்ண்ணா. மெஷினுக்காக எழுதக் கூடாது."

"ஆறு வருஷமா என் எச்சில் டப்பாவக் கழுவற. என் புள்ள பெங்களூர்லேந்து மாசம் ஒரு வாட்டி எட்டிப் பாக்குறான். உனுக்குக் குடுக்க என்னாண்ட இன்னா கீது? பேருதான் கீது. எடுத்துக்கோ."

ஒரு வாரம் அவள் எழுதவில்லை. படுத்தால் மற்றப் பத்துப் பேரின் இழுப்புச் சத்தம் காதில் கேட்டது. எட்டாம் நாள், கோடு போடும் இடத்தில் முனிசாமி என்று எழுதி அனுப்பினாள். எழுதிய கையை அன்றைக்குப் பலமுறை கழுவினாள்.

இரண்டே நாளில் லாய்ட் கேமராவுடன் வந்தான். முனிசாமியை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். பின்னால், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு வெயிலில் பளிச்சென்றிருந்தது.

"ஐயா, மூக்குல டியூப் வேணாம். ஒரே நிமிஷம். முகம் நல்லா தெரியணும்."

முனிசாமி விமலாவைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை. அவரே டியூபைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சொல்லிக்கொடுத்த நான்கு வாக்கியங்களைச் சொன்னார். மூன்றாவதில் உதடு நீலம் பாரித்தது. நான்காவதை லாய்ட் இரண்டு தடவை சொல்லச் சொன்னான். கங்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் முனிசாமி இறந்தார். நோய் முற்றியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தால் இல்லை என்று விமலாவுக்கு நர்ஸாகத் தெரியும். மகன் வந்து, பறையடித்து, அவர்கள் வழக்கப்படி அடக்கம் செய்தான். லாய்டுக்கு அவள் போனில் தகவல் சொன்னாள். "கர்த்தரண்டை போய்ட்டாரு, ஸ்தோத்திரம்" என்றான்.

அடுத்த மாதம் பெங்களூரில் மிஷனின் ஆண்டுக் கூட்டம். ஊழியர்கள் எல்லோரும் வரவேண்டும் என்றார்கள், போனாள். மேடைத் திரையில் முனிசாமி வந்தார். பின்னால் வயலின் அழுதது. "என் நெஞ்சு இப்ப லேசா கீது" என்றார். அது லாய்ட் சொல்லிக்கொடுத்த நான்காவது வாக்கியம். தூசியிலிருந்து விடுதலை என்று எழுத்து ஓடியது. அரங்கம் முழுக்க அல்லேலூயா. பக்கத்தில் இருந்த அம்மா விமலாவின் கையைப் பிடித்து, "உங்க கனியாம்மா இது?" என்றாள்.

விமலா எழுந்து நின்றாள். மைக் இல்லை. வார்டில் கத்திப் பழகிய குரல் போதுமாக இருந்தது.

"அவர் செத்துப்போய்ட்டாரு. நெஞ்சு லேசாவல. நான்தான் பொய்யா எழுதுனேன். மெஷினை எடுத்துடக் கூடாதேன்னு எழுதுனேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. சிஸ்டர் ரொம்பக் களைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் மைக்கில் சொல்லி, அவளுக்காக ஜெபிக்கச் சொன்னார். அந்த ஜெபம் முடிவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். பத்து நாள் கழித்து, ஊழியத்திலிருந்து ஓய்வெடுக்கும்படி மிஷனிலிருந்து கடிதம் வந்தது. அதே வாரம் ஒரு வேன் வந்து நான்கு மெஷின்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

எல்லாவற்றையும் சொல்ல கங்கம்மாவிடம் போனாள். கங்கம்மா முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"பேர எழுதுனது தப்பில்ல. அது அவரு குடுத்தது. அவன் டியூபக் கழட்டச் சொன்னப்ப நீ பாத்துனு நின்ன பாரு, அதான். நீ நர்சு. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான்."

கங்கம்மா அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.

இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளினிக்கில் விமலா வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஊழியத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. சபையில் அவளைக் கேட்பவர்களுக்கு விட்டுவிட்டேன் என்று சொல்கிறாள். ஞாயிறு மதியம் பையை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போகிறாள். பதினொரு பேரில் ஏழு பேர் மிச்சம். இரண்டு வீட்டில் கதவு திறப்பதில்லை. அவள் வந்தால் போட்டோ எடுப்பாள் என்று பேச்சு.

போன மாதம் துரை என்ற பெரியவர் வீட்டுக்குப் புதிதாகப் போனாள். அவர் மனைவி தாயம்மா கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"எந்த மிஷன்லேந்து வர?"

"எதுலேந்தும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு வர?"

ஆறு வருடம் மிஷன் கூட்டங்களில் உட்கார்ந்து பேசிய கேள்வி. உள்ளேயிருந்து இழுப்புச் சத்தம் கேட்டது.

"அவர் முதுகக் கொஞ்சம் பாக்கணும்" என்றாள்.

தாயம்மா யோசித்துவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். துரை சட்டையைத் தூக்கிக் காட்டி, மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க முடியாமல் கேட்டார்: "அந்த மெஷின் ஒண்ணு கெடைக்குமாம்மா?"

இல்லை என்று சொல்வது அவள் வேலையாகிவிட்டது. சொன்னாள்.